போர் வீடியோவை ஃபார்வர்டு செய்கிறவர்களுக்கு

எங்கோ ஒரு நாட்டில் குண்டு விழுந்தால் சாயங்காலத்துக்குள் அது எளாவூர் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைக்கு வந்துவிடுகிறது. இடிபாட்டில் கிடக்கும் உடல், கை கட்டி மண்டியிட வைத்த கைதி, துணி விலகிக் கிடக்கும் பெண் என்று தமிழ் குரூப்பிலும் தடா, சூலூர்ப்பேட்டைக்காரர்களின் தெலுங்கு குரூப்பிலும் ஒரே வீடியோதான். அனுப்புகிறவர் கெட்டவர் இல்லை, பெரும்பாலும் பரிதாபப்பட்டுத்தான் அனுப்புகிறார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் மனநல ஆலோசகராக இருப்பதால் அந்த வீடியோ போய்ச் சேரும் இன்னொரு இடமும் எனக்குத் தெரியும். இங்கே அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் ஈழத்து அக்காவின் தம்பி 2009 கடைசிச் சண்டையில் காணாமல் போனவர் (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). அந்தச் சண்டை நடந்த வன்னிப் பகுதியின் பழைய வீடியோ எது வந்தாலும் நிறுத்தி, பெரிதாக்கி, காதுக்குக் கீழே மறு இருக்கிறதா என்று தேடுவார். "முகத்தை ஒருக்காப் பாத்தாக் காணும் தங்கச்சி, பிறகு நித்திரை வந்திடும்" என்றார். வந்ததே இல்லை. அனுப்பியவர் கீழே ஓர் அழுகை ஸ்மைலி போட்டு 'அனைவருக்கும் பகிரவும்' என்று எழுதியிருந்தார்.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். போர்க் கைதியை அவமதிக்கக் கூடாது, வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்று 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் 13-ஆவது பிரிவிலேயே சொல்கிறது, நான்காம் ஒப்பந்தத்தின் 27-ஆவது பிரிவு அந்நியப் படையின் கையில் சிக்கிய பொதுமக்களுக்கும் அதே பாதுகாப்பைத் தருகிறது. உள்நாட்டுப் போர் என்றாலும் தப்ப முடியாது, நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 3-ஆவது பிரிவு மனித கண்ணியத்தைக் குலைப்பதை அங்கேயும் தடுக்கிறது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானிடம் சிக்கிய நம் விமானி அபிநந்தனைக் காயத்தோடு வீடியோவில் காட்டியபோது இந்தியா இந்த ஒப்பந்தத்தைச் சொல்லித்தான் கண்டித்தது, நமக்கும் வயிறு எரிந்தது. அடுத்த நாட்டுக் கைதியின் வீடியோவுக்கு மட்டும் சிரிப்பு ஸ்மைலி போடுவது என்ன நியாயம்?

சரி, அப்போ கொடுமை வெளியே தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் தெரிய வேண்டும். இலங்கைப் போரின் கடைசி நாட்கள் உலகத்துக்குத் தெரிந்ததே பெரும்பாலும் செல்போன் படங்களால்தான், அந்தச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க 2021-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை தீர்மானமே போட்டது. ஆனால் சாட்சியம் போக வேண்டிய இடம் விசாரிக்கிறவர் கை. அசல் ஃபைலை அழிக்காமல் வையுங்கள், பொதுவில் போட்டே ஆக வேண்டும் என்றால் முகத்தை மறையுங்கள். காணாமல் போனவரைத் தேடுகிற குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால் இந்திய செஞ்சிலுவைச் சங்கத்தைக் காட்டிவிடுங்கள், போரில் பிரிந்தவர்களைத் தேட அங்கே தனிச் சேவையே இருக்கிறது.

அப்புறம், ப்ராஜெக்ட் என்று முகாமுக்கு வரும் கல்லூரித் தம்பி தங்கைகளே, உட்கார்ந்ததும் "உங்க வீட்ல எத்தனை பேர் இறந்தாங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் போனை உள்ளே வைத்துவிட்டு வேறு பேச்சு பேசுங்கள்.