மஞ்சப்பையில் இல்லாத சீட்டு

முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாளையங்கோட்டையில் என்னிடம் வருவார். மஞ்சப்பையில் ஸ்கேன் ஃபிலிம், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் தேதிவாரியாக இருக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வில் வந்த புற்றுநோய்; கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தாயிற்று. உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான்: "டாக்டரம்மா, திரும்ப வந்துருக்கா?" "இல்லை ஆச்சி" என்பேன். நிம்மதியாகப் போய்விடுவார்.

நான்காம் வருஷம், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. புற்று நெஞ்சுக்குப் பரவிவிட்டது என்று மகள் அழுதேவிட்டார். எக்ஸ்ரேயில் கட்டி எதுவும் இல்லை. ஈசிஜியில், எப்போதோ வந்துபோன மாரடைப்பின் தடம் இருந்தது. விசாரித்தால், "ஒருநா ராத்திரி வாயு புடிச்சாப்ல இருந்துச்சு, ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேம்மா" என்றார். பிரஷர் 180/100. பையைக் கொட்டித் தேடினேன். பிரஷர் எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷமாகப் பார்த்தது நான்தான். அடிவயிற்றைச் சோதித்தேனே தவிர, கையில் பட்டை கட்டவில்லை.

மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் பெண்கள் பயந்து வந்துவிடுவதால் இந்தப் புற்றுநோய் பலருக்கும் ஆரம்பத்திலேயே பிடிபடுகிறது, பெரும்பாலும் குணமும் ஆகிறது. சிக்கல் அதற்கு அப்புறம். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இந்த நோய் வந்த 33,000க்கும் மேற்பட்ட பெண்களின் இறப்புக் காரணங்களைப் பார்த்தது. முதலிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களுக்கு.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் உடல் கொழுப்பில்தான் உருவாகிறது. அதைக் கட்டுப்படுத்தப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் இல்லாதபோது உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், சிலருக்குப் புற்றாகிறது. சுகரையும் பிரஷரையும் கூட்டிவருவதும் அதே கொழுப்புதான். ஆபரேஷனில் கர்ப்பப்பை போகும், சுகர் போகாது. மடியில் சொளவை (முறத்தை) வைத்துக் காலையிலிருந்து பீடி சுற்றுகிறவருக்கு வேலை முதுகை ஒடிக்கும், ஆனால் கால் அசையாது, கொழுப்பும் கரையாது. "நாள் பூரா உழைக்கத்தானே செய்யுதேன்" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் பல வருஷம் கழித்தும் வயிற்றுப்போக்கு, சிறுநீர் அவசரம், மலத்தில் ரத்தம் வரலாம். இடுப்பெலும்பில் மெல்லிய விரிசலும் விழலாம். இளம் வயதிலேயே சினைப்பையை எடுத்திருந்தால் எலும்பு தேய்வதும் இதய ஆபத்தும் முந்திக்கொள்ளும். நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கால் வீங்குவதுண்டு. யானைக்கால் என்று ஊர் பேசுமே என்று புடவையை இழுத்து மறைத்துக்கொண்டு வருகிறார்கள். அது கொசுவால் வந்ததல்ல, காட்டுங்கள். குடும்பத்தில் குடல் புற்றுநோயும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், பரம்பரைக் காரணம் இருக்கக்கூடும்.

ஆபரேஷன் முடிந்து எத்தனை வருஷம் ஆனாலும் பிரஷர், சுகர், ரத்தக் கொழுப்பு மூன்றையும் பாருங்கள். மாத்திரை வாங்க ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி வரை பஸ் ஏற வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும்.

சுற்றிய பீடியைக் கொடுக்க ஆச்சி இப்போது பீடிக்கடைக்கு நடந்தே போகிறார். போனமுறை வந்தபோது பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. பேரன் கையெழுத்தில் பிரஷர் கணக்கு, கடைசி வரியில் 134/82. அதை நீட்டியபடியே கேட்டார்: "திரும்ப வந்துருக்கா?"