கிளச் பெடல் கீழ போய் ஏன் மேல வராம நிக்குது?

திருகோணமலையில கோணேசர் கோயிலுக்குப் போகக்குள்ள கோட்டைக்குள்ள மான் ஒண்டு குறுக்க வந்துது, கிளச்சை மிதிச்சன், பெடல் கீழ போய்ப் படுத்திட்டுது, மேல வரவே இல்ல. கால்விரலால தூக்கித் தூக்கித்தான் காரை ஓரமா நிப்பாட்டினன். பக்கத்தில நிண்டவர் கிளச் பிளேட் போயிட்டுது எண்டார், ஆனா போனது மாஸ்டர் பம்ப், பெடலோட சேர்ந்திருக்கிற ஒயில் பம்ப்.

மாருதி 800ல கேபிள்தான், அறுந்தா கண்ணுக்குத் தெரியும். என்ட கார்ல இருக்கிற ஒயில் கிளச் வேற. பெடல் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி பம்புக்குள்ள பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன்ட ரப்பர் கப் டாங்கியில இருந்து வாற சின்ன ஓட்டையைத் தாண்டின உடன ஒயிலுக்குத் திரும்பிப் போக வழி இல்ல, பைப் வழியா கியர்பொக்ஸ் பக்கத்து கீழ் பம்புக்குத்தான் போகும். ஒயிலை அமத்திச் சுருக்க ஏலாது, அதால இங்க குடுக்கிற அழுத்தம் அங்கயும் அப்படியே வரும், பாஸ்கல் விதி எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது இதுதான். மேல 5/8 இஞ்சி, கீழ 3/4 இஞ்சி விட்டமுள்ள பம்ப் எண்டா விசை 1.44 மடங்கு, ஆனா கீழ் பிஸ்டன் நகருற தூரம் அதே கணக்கில குறையும். அந்தத் தூரம் ஏற்கனவே கொஞ்சம்தான், அதுக்குள்ள துளி ஒயில் நழுவினாலும் கிளச் முழுசா விடாது.

கப் தேஞ்சா நடக்கிறது அதுதான். வெளியில ஒரு சொட்டும் ஒழுகாம ஒயில் கப்பைச் சுத்திப் பின்னுக்கு நழுவும், பெடலைத் திருப்பி மேல தள்ள அழுத்தம் இருக்காது. முதல் கியர்ல போட்டு பெடலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாருங்க, கொஞ்ச நேரத்தில கார் தானா முன்னுக்கு ஊரப் பார்க்கும். ரெண்டு மூண்டு தரம் டக் டக்கெண்டு மிதிச்சா கியர் விழும், மெதுவா மிதிச்சா விழாது. பம்புக்குப் பின்பக்கம் இருக்கிற ரப்பரும் போனா உங்கட காலடிக் காப்பெட்டில ஈரம் தெரியும்.

எங்கட ஊர் கடல்காத்தில ஈரம் கூட. கிளச்சுக்கு ஊத்துறதும் பிரேக் ஒயில்தான், அது அந்த ஈரத்தை உறிஞ்சும், தண்ணி சேர்ந்த ஒயில் பம்புக்குள்ள துரு பிடிக்க வைக்கும், துருப்பிடிச்ச சுவர் கப்பைக் கீறும். அதால பம்பை மட்டும் மாத்திப்போட்டு பழைய ஒயிலை விடுறது வீண்வேலை, தயவுசெய்து செய்யாதீங்க. திறந்து வச்ச போத்தலும் வேணாம். எஞ்சின் ஒயில் ஊத்தினா ரப்பர் ஊதிப்போகும்.

கழட்டுறது பெரிய வேலை இல்ல: டாஷ்போர்ட்டுக்குக் கீழ ஒரு பின், எஞ்சினுக்கும் காருக்குள்ளுக்கும் நடுவில இருக்கிற தகட்டில ரெண்டு நட், ஒரு பைப். பைப் நட்டுக்கு மட்டும் அதுக்குரிய ஸ்பேனர் வேணும், சும்மா ஸ்பேனர் போட்டா மூலை தேஞ்சு போகும். ஒயில் பெயின்ட்டில பட்டா உடன தண்ணியால கழுவுங்க.

கஷ்டம் எயார் எடுக்கிறதிலதான். ஒயில் சுருங்காது, காத்து சுருங்கும், சின்னக் குமிழ் ஒண்டு நிண்டாலும் பெடல் பஞ்சு மாதிரித்தான். காத்து மேல ஏறுற சாமான், அதால கீழ் பம்பில காத்து விடுற நிப்பிள்ல இருந்து சிரிஞ்சால ஒயிலை மேல தள்ளினா குமிழும் கூடவே டாங்கிக்கு வந்திடும், எனக்கு அப்படித்தான் சரிவந்தது.

கடைசியில கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கா எண்டு பெடலைக் கையால அசைச்சுப் பாருங்க. இல்லாட்டி கப் அந்தச் சின்ன ஓட்டையை மூடினபடியே நிக்கும், சூட்டில பெருகிற ஒயில் திரும்ப ஏலாம கிளச்சை அரைவாசி மிதிச்ச மாதிரி வச்சிருக்கும், உவர்மலை ஏத்தத்தில எஞ்சின் இரையும், கார் ஏறாது.