உலக முடிவுல பத்து மணிக்கு மேல ஏன் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது?

இலங்கை மலைநாட்டுல இருக்குற ஹோட்டன் பிளேன்ஸ் போயிட்டு வந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பாதிப்பேரு "ஒண்ணுமே தெரியல, ஒரே பனிமூட்டம்"னுதான் சொல்லுவாங்க. விடியக்காலை வேன் பிடிச்சு, கூதல்ல நடுங்கிக்கிட்டு டிக்கட்டுக்கு லைன்ல நின்னு, பொலித்தீன் எல்லாத்தையும் வாசல்லயே குடுத்துட்டு, நடந்து போய் உலக முடிவுங்கிற செங்குத்துப் பாறை விளிம்புல நின்னா கண்ணுக்கு முன்னால வெள்ளை மட்டும்தான். கொஞ்சம் முந்திப் போனவன் கீழ தெரியிற தேயிலை மலை, குளம், வானம் நல்லா இருந்தா தெற்குல கடல் வரைக்கும் பாத்துட்டு வந்து பெருமை பேசுவான். எல்லாரும் இத அதிர்ஷ்டம்னு நினைக்கிறாங்க. அதிர்ஷ்டம் எல்லாம் இல்ல, அந்த மூட்டத்த தயாரிக்கிறதே அந்தப் பாறைதான். என்னக் கேட்டா அங்க பாக்க வேண்டிய பெரிய விஷயமே அதுதான்.

முதல்ல இடத்தச் சொல்லிடுறேன். ஹோட்டன் பிளேன்ஸ் 2,100 மீட்டருக்கு மேல இருக்குற மேட்டுச் சமவெளி, பக்கத்துலயே கிரிகல்பொத்த, தொட்டுபொல மலைங்க. சிங்களத்துல மஹா எலிய. 1834ல வெள்ளைக்காரன் அப்ப இருந்த கவர்னர் வில்மட் ஹோர்ட்டன் பேர வச்சுட்டுப் போயிட்டான், அதுவே நிலைச்சிருச்சு. சமவெளியோட தெற்கு ஓரத்துல தரை பொசுக்குன்னு முடிஞ்சிரும், அங்க இருந்து கீழ சுமார் 870 மீட்டர். அடியில நொன்பரேல் தோட்டம், அங்க ஆளுங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க.

பாறைக்கு வயசு 50 கோடி வருஷத்துக்கும் மேல. இலங்கை, இந்தியா, மடகாஸ்கர், அன்டார்டிக்கா எல்லாம் கோண்ட்வானாங்கிற ஒரே நிலமா ஒட்டி இருந்த காலத்துல, பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து உருமாறின கல்லு இது, சார்னக்கைட், கொண்டலைட்னு சொல்லுவாங்க. மேல இருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான வருஷமா அரிச்சுப் போக, அடியில கிடந்தது வெளிய வந்திருச்சு. அப்படி அரிச்சுப் போனதுலதான் பலாங்கொடை, இரத்தினபுரி பக்கம் தோண்டி எடுக்குற மாணிக்கமும் வந்தது. ஏன் இப்படி செங்குத்தா நிக்குதுங்கிறதுல சண்டை உண்டு. ஆடம்ஸ்ங்கிற கனடா புவியியல்காரர் 1929ல இலங்கை அரிச்சு அரிச்சு மூணு படியா ஆகியிருக்குன்னு எழுதினாரு, கடலோரம் ஒரு படி, நடு மலைநாடு ஒரு படி, உச்சி ஒரு படி. 1940கள்ல வாடியாங்கிற இந்தியப் புவியியல்காரர் வந்து, இல்ல, நிலம் துண்டு துண்டா உடைஞ்சு மேல தூக்குனதுதான் இதுன்னாரு. அவங்க சண்டை அவங்களோட, நமக்கு வேண்டியது அந்தச் சுவரு.

இப்ப மூட்டத்துக்கு வருவோம். ராத்திரி மேல இருக்குற குளிர்ந்த காத்து கனமா இருக்கும், அது சரிவு வழியா கீழ வடியும், இறங்க இறங்க சூடாகும், அதனால மேகம் கலைஞ்சு காலையில பளிச்சுன்னு இருக்கு. வெயில் ஏறினதும் கதை தலைகீழ். கீழ தேயிலை, காடு, வயல்ல இருந்து ஈரத்த வாங்கின காத்து சூடாகி எழும்பும், முன்னால 870 மீட்டர் சுவரு நிக்குது, வேற வழி இல்ல, அத ஒட்டியே மேல போகணும். மேல போகப் போக சுத்தி இருக்குற அழுத்தம் குறையும், காத்து விரியும், விரியிறதுக்கு வேண்டிய சக்திய தன்னோட சூட்டுல இருந்துதான் எடுக்கணும், அதனால குளிரும். சைக்கிள் டயர் வால்வ அமுக்கினா சில்லுன்னு காத்து வருதே, அதே சங்கதிதான். 100 மீட்டருக்கு கிட்டத்தட்ட 1 டிகிரி குறையும். ஒரு அளவுக்கு மேல குளிர்ந்தா காத்தால ஈரத்த தாங்க முடியாது, அது துளியாப் பிரியும், அந்த அளவுக்குப் பேரு பனிநிலை.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். கீழ காத்து 22 டிகிரி, அதோட பனிநிலை 16 டிகிரின்னு வச்சுக்கங்க, வித்தியாசம் 6. ஏற ஏற பனிநிலையும் கொஞ்சம் இறங்குறதால ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 100 பத்தாது, சுமாரா 125 மீட்டர் ஏறணும், அப்ப 6 பெருக்கல் 125, 750 மீட்டர்ல மேகம் கட்டிரும். சுவரு 870. நீங்க நிக்கிற விளிம்புக்கு 120 மீட்டர் கீழயே மேகம் ரெடி, அது நேரா உங்க மூஞ்சிக்கு ஏறி வரும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் காத்து காய்ஞ்சு வித்தியாசம் கூடுறதாலதான் அப்ப போறவங்களுக்குக் கொஞ்சம் தெளிவா கிடைக்குது.

அந்த மேகம் உள்ள போய் என்ன பண்ணுதுங்கிறதுதான் இன்னும் நல்லா இருக்கும். மூட்டத்துல இருக்குற துளி மில்லிமீட்டர்ல நூறுல ஒண்ணு ரெண்டு பங்குதான், அதனால மழை மாதிரி விழாது, காத்தோட மிதந்துக்கிட்டே போகும். எதுலயாவது முட்டினாத்தான் ஒட்டும். இந்தக் காட்டு மரங்கள் அதுக்குன்னே பிறந்த மாதிரி இருக்கு, கட்டை குட்டையா, கோணலா, தலை தட்டையா, இலை சின்னதா தடிப்பா, கிளை முழுக்க பாசி, தாடி மாதிரி தொங்குற லைக்கன். நடக்குறப்ப ஒரு கிளைகிட்ட நின்னு அந்தப் பாசிய பாருங்க, ஒவ்வொரு நார் நுனியிலயும் ஒரு துளி உக்காந்திருக்கும், ரெண்டு சேந்து பெருசாகி, பாசி தாங்காம சொட்டும். மழையே இல்லாத நாள்லயும் மரத்தடி நனைஞ்சிருக்கும், வெட்டவெளியில வச்ச மழைமானியில ஒண்ணும் இருக்காது.

இந்தத் தண்ணிதான் சதுப்புல ஊறி, கானாறா இறங்குது. அக்ர ஓயா கொத்மலை வழியா மகாவலிக்கு, பெலிஹுல் ஓயா வளவைக்கு, இன்னொரு பக்கம் களனிக்கு. திருகோணமலையில கடல்ல விழுற தண்ணியிலயும் கொழும்புல குழாய்ல வர்ற தண்ணியிலயும் இந்த மலைக்குப் பங்கு இருக்கு.

காடு தப்பினதுக்கு ஒரு காரணம் இருக்கு. கோப்பிக் காலத்துல மலை மலையா வெட்டித் தள்ளினாங்க, வெட்டினது நம்ம பாட்டன் பூட்டன், வெட்டச் சொன்னது துரைமாரு. ஜோசப் ஹூக்கர்ங்கிற தாவர விஞ்ஞானி 5,000 அடிக்கு மேல காட்ட அழிக்கக் கூடாதுன்னு ஆலோசனை சொன்னாரு, 1873ல அதுக்கு உத்தரவும் போட்டாங்க. எல்லா இடத்துலயும் கேக்கல, நுவரெலியாவுல 6,000 அடியிலயும் தேயிலை இருக்கு, ஆனா இந்தச் சமவெளி பிழைச்சது. 1988ல தேசிய பூங்கா, 2010ல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்.

யானைங்க பிழைக்கல, ஒரு காலத்துல இங்க இருந்துச்சு, வேட்டைக்காரங்க தீத்துட்டாங்க. இப்ப பத்தனைங்கிற மலைப் புல்வெளியில மேயிறது மரை, அத அடிக்க சிறுத்தை. மூக்குல கொம்பு வச்ச ஓணான் ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி உச்சி மலைய விட்டா வேற எங்கயும் கிடையாது, கீழ சூடு தாங்காம இங்கயே அடைபட்ட சாதி. இங்கத்த தேவாங்கு இன்னும் மோசம், 1937லதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, போட்டோ உலகத்துக்கு வந்தது 2010ல, அவ்வளவு அபூர்வம்.

பல இடத்துல மரம் நுனியில இருந்து காயுறது சில பத்து வருஷமா நடந்துக்கிட்டு இருக்கு, மண்ணு, வறட்சின்னு ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. எனக்குப் பயம் அந்த 125 மீட்டர் கணக்குலதான். கீழ இன்னும் ஒரு டிகிரி சூடாகி ஈரம் அதே அளவுல இருந்துச்சுன்னா 750 மீட்டர்ல கட்டின மேகம் 875ல கட்டும், அதாவது விளிம்புக்கும் மேல. அன்னைக்கு கடல் வரைக்கும் தெளிவா தெரியும், பாசியில ஒண்ணும் ஒட்டாது.