கானலில் மிதந்து வரும் ஒட்டகம்

பாலைவனக் கிணறு ஒன்றிலிருந்து வழிகாட்டி ஒருவர் நீர் இறைத்துக்கொண்டிருக்க, அவருடன் வந்த ஆங்கிலேய அதிகாரி சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கிறார். வழிகாட்டியின் கை சட்டென்று நின்றுவிடுகிறது. அடிவானத்தில், தரைக்கும் வானுக்கும் நடுவே நீர் போலப் பளபளக்கும் பட்டையில், ஒரு கரும்புள்ளி துடிக்கிறது. அது நெருங்குகிறதா என்றுகூட முதலில் தெரிவதில்லை. பின்னணி இசை இல்லை. புள்ளி நீண்டு கோடாகி, கோடு ஒட்டகமாகி, ஒட்டகத்தின் மீது கறுப்பு உடையில் ஒரு மனிதர் இருப்பது புலப்படும்போது, வழிகாட்டி துப்பாக்கியை நோக்கி ஓடுகிறார்; அந்த மனிதர் அவரைச் சுட்டு வீழ்த்துகிறார்.

டேவிட் லீன் இயக்கத்தில் 1962 டிசம்பர் 10 அன்று லண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் ஓமர் ஷரீஃப் அறிமுகமாகும் காட்சி இது. ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்ற அப்படத்தை இன்றும் ரசிகர்கள் 70 எம்.எம். பிரிண்டில் பார்ப்பதற்காகவே வெகுதூரம் பயணம் செய்து வருகிறார்கள். ஏற்கெனவே பலமுறை பார்த்தவர்கள்தான் அவர்களில் முன்வரிசைக்காரர்கள். பீட்டர் ஓ’டூலின் நடிப்பு, மோரிஸ் ஜாரின் இசை, முதல் உலகப் போர்க்கால அரபுக் கிளர்ச்சியின் கதை என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. அவை எல்லாமே உண்மைதான். ஆனால் அந்த ஈர்ப்பின் பெரும்பகுதி ஒளியியலிலும் நம் கண்ணின் அமைப்பிலும் இருக்கிறது என்பதும், அதைக் கணக்குப் போட்டே காட்ட முடியும் என்பதும் என் உறுதியான எண்ணம். அதற்கு இந்த ஒரு காட்சியே போதும்.

முதலில் அந்தப் பளபளப்பைப் பார்ப்போம். கானல் நீருக்குப் பழந்தமிழில் பேய்த்தேர் என்றும் ஒரு பெயர் உண்டு. அது இடம்விட்டு இடம் ஓடுவதை நின்று கவனித்தவர்களே அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும். வெயிலில் காய்ந்த தரையை ஒட்டிய காற்று, அதற்கு மேலுள்ள காற்றைவிடப் பல பாகை அதிகம் சூடேறி அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் ஒளியின் வேகம் மிகச் சிறிதளவு கூடுவதால், வானிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக இறங்கும் ஒளிக்கதிர் தரையைத் தொடாமலேயே மேல்நோக்கி வளைந்து நம் கண்ணை அடைகிறது. ஒளி நேர்கோட்டில்தான் வந்திருக்கும் என்று நம்பும் மூளை, வானத்தின் பிம்பத்தைத் தரையில் வைத்துப் பார்த்து, அதை நீர் என்று முடிவு செய்கிறது.

இந்த வளைவு மிகவும் சிறியது. தரையை ஒட்டிய காற்று 30 பாகை செல்சியஸ் அதிகச் சூடாக இருந்தால்கூட, சுமார் 0.4 பாகைக்கும் குறைவான சாய்வில் வரும் கதிர்கள் மட்டுமே இப்படித் திரும்பும். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கேமரா இருக்குமானால், ஏறத்தாழ 200 மீட்டருக்கு அப்பால்தான் கானல் தொடங்கும். இடையில் ஒரு மேடோ புதரோ குறுக்கிட்டாலும் காட்சி கெட்டுவிடும். ஜோர்டானில் அல் ஜஃபரின் காய்ந்த சேற்றுச் சமவெளியைப் படக்குழு தேடிப் போனதற்கு அந்த இடத்தின் தட்டையான பரப்பு முக்கியமான காரணம். தொலைவில் வரும் ஒட்டகத்தின் கால்களிலிருந்து புறப்படும் ஒளி இந்தச் சூடான அடுக்கில் வளைந்து கேமராவுக்கு மேலாகச் சென்றுவிடுகிறது. கால்கள் மறைந்துபோய், அவை இருக்க வேண்டிய இடத்தில் வானத்தின் பிம்பம் நிற்பதால், ஒட்டகம் தரையில் நடப்பதாகத் தோன்றாமல் வானத்தில் மிதந்து வருவதாகவே தோன்றுகிறது.

சாதாரண லென்ஸில் இதைப் படம்பிடித்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் இந்தப் படத்தின் ஃப்ரேமில் செங்குத்தாக ஏறக்குறைய 26 பாகையைக் காட்டும், அதில் 0.4 பாகைக் கானல் என்பது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவான மெல்லிய கீற்று. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் பயன்படுத்தியதோ பானாவிஷன் நிறுவனத்தின் 482 மில்லிமீட்டர் டெலிஃபோட்டோ லென்ஸ். அது செங்குத்தாக 3 பாகையைக்கூடக் காட்டுவதில்லை என்பதால், அதே கானல் படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த லென்ஸைத் திரைத்துறையில் இன்றும் டேவிட் லீன் லென்ஸ் என்றே குறிப்பிடுகிறார்கள்.

அந்த லென்ஸ் செய்யும் இன்னொரு வேலைதான், என் கணிப்பில், இந்தக் காட்சியின் உயிர். 22 மீட்டர் அகலமுள்ள திரைக்கு முன்னால் 20 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 52 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் கொண்ட நெகட்டிவ் ஃப்ரேம் அந்தத் திரையில் சுமார் 420 மடங்கு பெரிதாகிறது. அந்தக் கணக்கின்படி, 482 மில்லிமீட்டர் லென்ஸ் வழியாக எடுத்த காட்சி அந்த இருக்கையிலிருந்து 10 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்ப்பதற்குச் சமம். ஒட்டகமும் அதன் மீதிருப்பவரும் சேர்ந்து 3 மீட்டர் உயரம் என்றும், அவர் 1,500 மீட்டர் தொலைவில் வருகிறார் என்றும் கொண்டால், திரையில் அவருடைய உருவம் 40 சென்டிமீட்டர் இருக்கும். நம் கண்ணுக்கு அது 150 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவரின் அளவு.

இப்போது அவர் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறார். 150 மீட்டர் தொலைவில் உண்மையாகவே ஒருவர் அப்படி வந்தால், 10 விநாடியில் அவருடைய உருவம் 25 சதவீதம் பெரிதாக வேண்டும். ஆனால் இவர் உண்மையில் இருப்பது 1,500 மீட்டரில் என்பதால், அதே 10 விநாடியில் உருவம் வெறும் 2 சதவீதமே வளர்கிறது. லென்ஸ் அளவைப் பெருக்குகிறதே தவிர, வளர்ச்சி விகிதத்தை மாற்றுவதில்லை.

ஒரு பொருள் நம்மை வந்தடைய எவ்வளவு நேரமாகும் என்பதை, அதன் தொலைவோ வேகமோ தெரியாமலே, உருவத்தின் அளவை அது வளரும் வேகத்தால் வகுத்து அறியலாம் என்று 1976-இல் டேவிட் லீ என்ற உளவியலாளர் காட்டினார். பாய்ந்து வரும் பந்தைப் பிடிக்கும்போதும், எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கும்போதும் இத்தகைய தகவல் நமக்கு உதவுகிறது. கிணற்றடிக் காட்சியில் மூளைக்கு இரண்டு செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்து சேர்கின்றன. உருவத்தின் அளவு, ஆள் 50 விநாடியில் வந்துவிடுவார் என்கிறது. உருவம் வளரும் வேகம், எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்கிறது. அருகில் இருக்கிறார், ஆனால் வந்து சேரவில்லை. கனவில் ஓடினாலும் இடம் நகராத அந்தத் தவிப்பை, ஒரு கண்ணாடி வில்லை இப்படி உண்டாக்கிவிடுகிறது. பிறகு தொலைவு குறையக் குறைய வளர்ச்சி வேகம் தானாகவே ஏறுகிறது. கடைசி 100 மீட்டரில் அதே 10 விநாடிக்கு உருவம் 40 சதவீதத்துக்கும் மேல் பெருகும். பயம் படிப்படியாக வளராமல் திடீரென்று மேலே வந்து விழுவது இதனால்தான்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் படம் தெளிவாக இருக்க வேண்டும். அக்காலப் படங்கள் பெரும்பாலும் 35 எம்.எம். பிலிமில் எடுக்கப்பட்டன, அதன் ஃப்ரேம் சுமார் 22 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. இந்தப் படம் சூப்பர் பானாவிஷன் 70 முறையில் 65 எம்.எம். நெகட்டிவில் எடுக்கப்பட்டு, ஒலிக்கான காந்தப் பட்டைகளுக்குக் கூடுதலாக 5 மில்லிமீட்டர் சேர்த்து 70 எம்.எம். பிரிண்டாக வெளியானது. ஃப்ரேமின் பரப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். நெகட்டிவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகளை எடுத்துக்கொள்வோம். 35 எம்.எம். பிலிமிலிருந்து அதே 22 மீட்டர் திரைக்குப் போகும்போது அது 10 மில்லிமீட்டர் ஆகிறது, 65 எம்.எம். நெகட்டிவிலிருந்து போனால் 4 மில்லிமீட்டர். நல்ல பார்வையுள்ள ஒருவர் 20 மீட்டரிலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 6 மில்லிமீட்டர். முன்னதில் பிலிமின் துகள் கண்ணை உறுத்தும். பின்னதில் துகள் மறைந்து, மணல் மட்டுமே தெரியும்.

திரும்பத் திரும்பப் பார்க்கத் தூண்டுவதற்கும் இந்த அகலத்துக்கும் தொடர்பு இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த இரண்டு பாகை அளவே நாம் ஒரு நேரத்தில் துல்லியமாகக் காணும் பரப்பு. மற்ற இடங்களைக் காணக் கண் விநாடிக்கு மூன்று முறை தாவுகிறது. நாம் சொன்ன இருக்கையிலிருந்து திரை 58 பாகை அகலம் விரிந்திருக்கிறது. வேகமாக வெட்டித் தொகுத்த படங்களில் பெரும்பாலான பார்வையாளர்களின் கண் ஒரே நேரத்தில் திரையின் நடுப்பகுதியில் குவிகிறது என்பதைக் கண்ணசைவுப் பதிவுக் கருவிகள் காட்டுகின்றன. லீனின் நீண்ட ஷாட்டுகளில் கண்ணுக்கு அலையும் உரிமை கிடைக்கிறது; ஒரே காட்சியில் ஒருவர் குன்றின் நிழலையும், அடுத்தவர் ஒட்டக வரிசையின் வாலையும் பார்க்கிறார்கள். மறுமுறை வரும்போது முன்பு கண் போகாத மூலைகள் காத்திருக்கின்றன. ஆனால் கிணற்றடிக் காட்சியில் அலைவதற்கு இடமே இல்லை: கலை இயக்குநர் ஜான் பாக்ஸ், பார்வை அந்தப் புள்ளியிடமே போய்ச் சேரும்படி தரையில் கோடுகள் இட்டு வைத்திருந்தார்.

இந்த நுட்பமெல்லாம் அழிந்துபோகும் நிலையும் வந்தது. 222 நிமிடம் ஓடிய படம் வெளியான சில வாரங்களிலேயே குறைக்கப்பட்டு, 1970-களின் தொடக்கத்தில் 187 நிமிடமாகச் சுருங்கியது. பழைய படங்களை மீட்டெடுக்கும் வல்லுநர் ராபர்ட் ஹாரிஸ் தலைமையில், லீனும் துணை நிற்க, 1989-இல் அது மீட்கப்பட்டபோது சில காட்சிகளுக்குப் படம் கிடைத்தும் ஒலி கிடைக்கவில்லை. பீட்டர் ஓ’டூல் உள்ளிட்ட நடிகர்கள் கால் நூற்றாண்டுக்குப் பிறகு தங்கள் இளமைக் கால உருவத்துக்கு மறுபடியும் குரல் கொடுத்தார்கள். வயதேறிய குரல்களைக் கருவிகளின் உதவியால் இளமையாக்கினார்கள். 2012-ஆம் ஆண்டின் டிஜிட்டல் மீட்பில் நெகட்டிவின் மேற்பூச்சில் நுண்ணிய விரிசல்கள் தெரிந்தன; படப்பிடிப்பின்போதே பாலைவன வெப்பம் பதித்த வடு அது. நெகட்டிவை 8கே நுணுக்கத்தில் ஸ்கேன் செய்ததுகூடத் தேவை கருதித்தான்: அகலத்தில் 8,000-க்கும் மேற்பட்ட பிக்சல்கள் இருந்தால், நாம் மேலே பார்த்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விவரம் தப்பிப் பிழைக்கும்.

இதே காட்சியைக் கைபேசியில் பார்த்தால் என்ன குறையும் என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கைபேசியை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கும்போது, அந்த ஒட்டகத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. முதல் 10 விநாடியில் அது வளரும் 2 சதவீதம் என்பது 0.06 மில்லிமீட்டர், அந்தத் தூரத்தில் கண்ணின் வரம்போ 0.09 மில்லிமீட்டர். பெரிய திரையில் அதே 2 சதவீதம் 8 மில்லிமீட்டர். கண்ணின் வரம்பு 6. கைபேசியில் புள்ளி அசையாமல் நிற்கிறது. திரையரங்கில் அது வருகிறது என்பது, மிகச் சன்னமாக, தெரிந்துவிடுகிறது. படத்தொகுப்பின்போது இந்தக் காட்சியின் நீளத்தைக் குறைத்துவிட்டதற்காக லீன் பின்னாளில் வருந்தினார்.