பெட்டிக்குள் ஒரு வில்லை, சுவரில் ஓர் ஆர்கேட்: ஏன் எழுத்துகள் இடம் வலமாகின்றன?

காசு போட்டு ஆடும் பெட்டிகளில் வந்த பழைய ஆர்கேட் விளையாட்டுகளைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி ஆட விரும்பிய வாசகர் ஒருவர், அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் குவிவில்லையையும் மறுமுனையில் செல்பேசியையும் பொருத்தியிருக்கிறார். படம் தலைகீழாக விழுந்ததால் செல்பேசியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். படம் நிமிர்ந்துவிட்டது, ஆனால் மதிப்பெண் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறிவிட்டன. எங்கே தவறு என்று கேட்கிறார். தவறு எதுவும் இல்லை என்பதே விடை.

வில்லையின் கணக்கு பள்ளியில் படித்ததுதான். குவியத்தூரம் 200 மி.மீ. என்றால், செல்பேசித் திரையை வில்லையிலிருந்து 220 மி.மீ. தொலைவில் வைக்கும்போது 2,200 மி.மீ. தள்ளி, பத்து மடங்கு பெரிய மெய்ப்பிம்பம் கிடைக்கும். திரையை இன்னும் 10 மி.மீ. பின்னுக்கு நகர்த்தினால் சுவர் இருக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 1,530 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். ஆகவே படத்தைத் தெளிவாக்க வில்லையை அல்லது திரையை மிகமிக மெல்ல நகர்த்த வேண்டும். பெட்டிக்குள் பெட்டி செருகி நகரும் அமைப்பு இதற்காகத்தான்.

இனி அந்த இடவல மாற்றத்துக்கு வருவோம். செல்பேசியில் 'ட' என்ற எழுத்து தெரிவதாக வைத்துக்கொள்வோம்: செங்குத்துக் கோடு இடப்பக்கம், கிடைக்கோடு அடியில். வில்லை இந்த உருவை 180 பாகை சுழற்றி மறுபுறம் அனுப்புகிறது; மேல் கீழாகிறது, வலம் இடமாகிறது. ஆனால் செல்பேசியைப் பார்த்து நின்ற நாம், சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் திரும்பி நிற்க வேண்டும். அப்படித் திரும்பும்போது நம்முடைய இடமும் வலமும் இன்னொரு முறை மாறுகின்றன. இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று அழித்துவிட, இடவலம் சரியாகவே அமைகிறது. மேல்கீழ் மட்டும் மாறி நிற்கிறது. அதாவது செங்குத்துக் கோடு இடப்பக்கமே இருக்கும், கிடைக்கோடு மட்டும் மேலே ஏறிவிடும். இது சுழற்றப்பட்ட 'ட' அன்று, பிரதிபலிக்கப்பட்ட 'ட'. சமதளத்தில் எவ்வளவு சுழற்றினாலும் பிரதிபலிப்பைச் சரிசெய்ய முடியாது. செல்பேசியைத் தலைகீழாக்கும்போது கிடைக்கோடு அடிக்கு வந்துவிடுகிறது, செங்குத்துக் கோடு வலப்பக்கம் போய்விடுகிறது. பிழை ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்கு இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை.

இவ்வளவு எளிய உண்மை பலருக்கும் வியப்பாக இருப்பதற்கு ஆய்வுக்கூட மெழுகுவர்த்தியே காரணம் என்பது என் எண்ணம். சுடர் இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால், 'தலைகீழ் மெய்ப்பிம்பம்' என்று எழுதிக்கொண்டு மாணவர் நகர்ந்துவிடுகிறார். மெழுகுவர்த்திக்குப் பதிலாக எழுத்து வெட்டிய அட்டையை விளக்கின் முன் நிறுத்தச் சொன்னால், அதே செலவில் இருமடங்கு இயற்பியல் கற்பிக்கலாம்.

தீர்வு என்னவென்றால், எங்காவது ஒரு முறை, ஒற்றைப்படை எண்ணிக்கையில், பிரதிபலிப்பைச் சேர்க்க வேண்டும். ஒளியின் பாதையில் ஒரு கண்ணாடி வைக்கலாம்; ஆனால் வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்புறம் இருப்பதால், முன்பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்துக்கும் மங்கலான நிழலெழுத்து ஒன்றை உண்டாக்கும். முன்பரப்பில் பூச்சுள்ள கண்ணாடியே ஏற்றது. ஒளி ஊடுருவும் திரையில் படத்தை வீழ்த்தி மறுபுறமிருந்து பார்த்தால் கண்ணாடியே தேவையில்லை; ஆடுபவரின் நிழலும் படத்தில் விழாது. இவற்றைவிட எளியது மென்பொருள்: பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்ட 1997இல் வெளிவந்த 'மேம்' எமுலேட்டரில் படத்தை இடவலமாகவோ மேல்கீழாகவோ புரட்டும் தெரிவுகள் உள்ளன. 1978இன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' நின்றாடும் பெட்டியிலும் இதே தந்திரம் உண்டு. மானிட்டர் காட்டும் இடவலம் மாறிய படம், பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியில் பட்டு நேராகி, பின்னால் வரைந்திருந்த நிலவுக் காட்சியின் மேல் மிதப்பதுபோல் தெரிந்தது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியைத் திறந்து, எலக்ட்ரான் கற்றையை வளைக்கும் விலகல் சுருளின் கம்பிகளை மாற்றியும் படத்தைப் புரட்டுவார்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சமிருப்பது வெளிச்சம். 'செல்பேசியே திரையரங்கு' என்னும் விளம்பரங்களைக் கணக்கு உடனே கவிழ்த்துவிடும். பத்து மடங்கு நீள அகலம் என்றால் நூறு மடங்கு பரப்பு. 10 செ.மீ. விட்டமுள்ள வில்லை 22 செ.மீ. தொலைவிலிருந்து அள்ளுவதோ திரையின் ஒளியில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இரண்டையும் பெருக்கினால் சுவரின் பொலிவு செல்பேசியினுடையதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 500 நிட் (நிட் என்பது பொலிவின் அலகு) திரை சுவரில் கால் நிட் ஆகிறது. திரையரங்குகளுக்கான வரையறை 48 நிட். எனவே முழு இருட்டறை கட்டாயம், அல்லது வேறு வழி வேண்டும்: பின்விளக்கு நீக்கிய எல்சிடி பலகை, அதன் பின்னே வலிய எல்இடி, சிதறும் ஒளியைக் கூம்பாக்கி வில்லைக்குள் செலுத்தும் மெல்லிய ஃப்ரெனெல் தாள் (வட்ட வரிகள் வெட்டிய தட்டையான வில்லை). பலகை இருபுறமும் ஒளி கடத்துவதால், அதை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தினாலே இடவலப் பிழையும் தீர்ந்துவிடும். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், பலகையின் துருவமாக்கித் தாள் பாதிக்கும் மேற்பட்ட ஒளியையும், நிற வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் விழுங்கி வெப்பமாக்கும். விசிறி இல்லையென்றால் பலகை கறுத்துவிடும். ஃப்ரெனெல் தாளை வெயில் படும் இடத்தில் வைக்கவே கூடாது, அது நெருப்பு மூட்டும்.

'பேக்-மேன்' ஆர்கேட் விளையாட்டில் திரைப்பரப்பின் அகலம் 224 பிக்சல்தான். ஒரு மீட்டர் அகலத்துக்கு விரித்தால் ஒவ்வொரு பிக்சலும் நாலரை மி.மீ. கட்டமாகிறது. மலிவான வில்லையின் லேசான மங்கல் அந்தக் கட்டங்களின் ஓரத்தைக் கரைத்துவிடுவதை ஒரு குறையாக நான் கருதவில்லை. அந்தப் படங்கள் படக்குழாயின் மென்மையான ஓரங்களுக்காகவே வரையப்பட்டவை. படம் சரிவகமாக விழுந்தால், மென்பொருளால் திருத்தாமல் பெட்டியையே சுவருக்கு நேராக வையுங்கள். நொடிக்கு 60 படச்சட்டங்கள் ஓடும் விளையாட்டில், திருத்தத்துக்காக ஒரு படச்சட்டம் காத்திருந்தாலும் விசையை அழுத்தியதற்கும் குண்டு பாய்வதற்கும் இடையே 16.7 மில்லிநொடி கூடிவிடும்.