எண்ணூர் கழிமுகத்தின் ஆழம் அறிந்தவர்கள்

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்துக்குத் திட்டம் தீட்டுபவர்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்தே தொடங்குகிறார்கள். பரந்த நிலப்பரப்பைப் பார்க்க அவை நல்ல கருவி. கழிமுகத்துக்கு அவை மட்டும் போதா. இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவுகளில் ஒரு புள்ளி ஏறத்தாழ 30 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். உயரக் கணக்கில் சில மீட்டர் பிழையும் இருக்கலாம். ஆனால் சென்னைக் கடற்கரையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவதன், அளவே சுமார் 1 மீட்டர்தான் என்பதால், ஓதம் ஏறும்போது மூழ்கி வற்றும்போது வெளிப்படும் சேற்றுத்திட்டு அந்தத் தரவுகளில் வெற்று நிலமாகவே பதிவாகிவிடக்கூடும்.

அந்த நுண்ணிய ஆழம் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களுக்கும், நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அன்றாடப் பிழைப்பின் வழியே தெரிந்தது. அதை அளவீடாக மாற்றும் முறைக்குப் பங்கேற்பு வரைபடம் என்று பெயர். ஊரார் முதலில் பெரிய தாளில் வலை விடும் இடங்களையும் நீரோட்டத்தையும் தாங்களே வரைகிறார்கள். பிறகு அவர்களுடன் படகில் சென்று, ஒவ்வொரு இடத்தின் அமைவிடத்தை ஜிபிஎஸ் கருவியிலும், ஆழத்தை அளவுகோலிலும், அப்போதைய ஓத நேரத்தோடு சேர்த்துக் குறிக்கிறார்கள். நேரம் குறிக்காத ஆழம் பயன்படாது. முதியவர்களின் நினைவையும் சேர்த்தால், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எங்கெல்லாம் ஆழம் குறைந்தது என்பது புலப்படும். பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் இவ்வழியேதான் கடலுக்குச் செல்ல வேண்டும் என்பதால், வாய்க்கால் மேடாவது மணலி புதுநகரின் வெள்ளத்தோடும் தொடர்புடையது.

ஊர்க் கூட்டத்தில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்களோடும் இருளர்களோடும் தனித்தனியே அமர்ந்து கேட்காத வரைபடம் பாதி வரைபடம் என்பது என் உறுதியான கருத்து.

காலமும் முக்கியம். 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, வரைவு அறிக்கை தயாரான பிறகே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது. அதற்குள் திட்டத்தின் இடமும் வடிவமும் ஏறக்குறைய முடிவாகிவிடுவதால், மக்களின் அறிவு அங்கே வெறும் ஆட்சேபணையாகச் சுருங்கிவிடுகிறது. எவற்றை ஆய்வு செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் முதற்கட்டத்திலேயே அவர்களுடைய வரைபடம் மேசையில் இருந்தால், எந்த வாய்க்காலைத் தூர்வாரலாம், எந்தச் சேற்றுத்திட்டைத் தொடக்கூடாது என்பதை அதை வைத்தே தீர்மானிக்கலாம். அதன் ஒரு படி ஊரிலேயே இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் முகத்துவாரத்தின் மணலை இடம் மாற்றுவதால், மழைக்குப் பின் அதே இடங்களை ஊராரே மறுபடியும் அளந்து திருத்த முடியும்.