‘ஃபார்மட் பண்ணிக் கொடுங்கண்ணா’

என் கடைக்கு வரும் லேப்டாப்களில் அரசு கொடுத்ததைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். மூடியில் அப்போதைய முதல்வர் படம் இருக்கும். இல்லையென்றால் அந்தப் படத்தை மறைக்க ஒட்டிய ஏதோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம். தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மொத்தமாக வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் கொடுத்தார்கள். பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அந்த லேப்டாப்கள் இன்றைக்கும் ஓடுகின்றன; டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்கள், டைப்பிங் வேலை எடுத்துச் செய்யும் பெண்கள் என்று யாராவது பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

வந்ததும் சொல்வது ஒன்றுதான். “ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணா, ஃபார்மட் பண்ணிக் கொடுங்க.”

ஃபார்மட் என்றால் டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதனால் “உள்ளே என்னம்மா இருக்கு?” என்று கேட்பேன்.

“முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்குண்ணா. பேக்கப்தான்.”

இந்த டி டிரைவை நம்பி ஏமாந்தவர்களின் கணக்கை நான் வைத்திருந்தால் ஒரு நோட்டு போதாது. சி, டி என்று இரண்டு பெயர் இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க். ஒரு வீட்டுக்குள் தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறை ஆக்கியது போலத்தான். கூரை இறங்கினால் இரண்டு அறையும் போகும். அந்த டிஸ்க் டிக்... டிக்... என்று அடிக்க ஆரம்பித்த பிறகு தூக்கிக்கொண்டு வந்தால், என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அப்படிச் சத்தம் கேட்டால் தயவுசெய்து திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் இன்னும் கொஞ்சம் போகும்.

ஆனால் டிஸ்க் நன்றாக இருந்து, கோப்புகளும் பத்திரமாக இருந்து, அப்படியும் எல்லாம் தொலைந்த கதை ஒன்று உண்டு. தமிழ் எம்.ஃபில். படித்த ஒரு பெண் கொண்டுவந்தது. வேறொரு கடையில் ஃபார்மட் போட்டிருக்கிறார்கள். ஆய்வேட்டுக் கோப்புகளைப் பொறுப்பாக எடுத்து வைத்து, திரும்பப் போட்டும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் போய்த் திறந்தால் தமிழே இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். வைரஸ் என்று நினைத்து அழுதுவிட்டிருக்கிறார்.

திரையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஒரு இடத்தில் வரிசையாக இருந்தது. அது ‘அம்மா’. பாமினி எழுத்துருவில் அடித்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத்தரமான யூனிகோடு வருவதற்கு முந்தைய இந்த எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்டவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். ஃபார்மட்டில் எழுத்துரு போய்விட்டது, முகமூடி கழன்றுவிட்டது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் அதற்கப்புறம் பல வருடம் எங்கள் ஊர் டிடிபி கடைகளில் பாமினியும் வானவில்லும்தான் ஓடின.

பாமினியைப் போட்டதும் முதல் இயல் அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் இயல் வரவில்லை. அதை வேறொரு டிடிபி கடையில் கொடுத்து அடித்திருக்கிறார். அவர்கள் வைத்திருந்தது வேறு எழுத்துரு. அந்த எழுத்துரு இருந்த, அந்தக் கடையின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் இன்னும் உயிரோடு இருந்ததால் தப்பித்தோம். பிறகு எல்லாவற்றையும் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். இதிலும் ஒரு பொறி உண்டு. துணைநூற் பட்டியலில் இருக்கும் ஆங்கில நூல் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தால், கன்வர்ட்டர் அவற்றையும் எழுத்துரு என்று நினைத்துப் பொருளில்லாத தமிழாக்கிவிடும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்ற வேண்டும்; முடிந்ததும் கிரந்த எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதிலிருந்து என் வழக்கம் இது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் எடுப்பதோடு எழுத்துருக் கோப்புறையையும் முழுசாக எடுப்பேன். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள், இதை விட்டுவிட்டால் புதிதாகப் போட்ட விண்டோஸில் நெட் வராது, நெட் வராததால் டிரைவரை இறக்கவும் முடியாது. அடிப்பக்கத்தில் விண்டோஸ் சாவி எண் ஸ்டிக்கர் இருந்தால் அழிந்துபோவதற்கு முன் ஒரு போட்டோ.

இதெல்லாம் கோப்புகளுக்கு. மொத்த டிஸ்க்கையும் அப்படியே படம் பிடித்து வைக்க குளோன்ஸில்லா என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்ய வேண்டும். டிஸ்க்கில் நிரம்பிய பகுதியை மட்டும் எடுப்பதால், 320 ஜிபி டிஸ்க்கில் 60 ஜிபி நிரம்பியிருந்தால் அதைவிடச் சின்ன இமேஜாகவே சுருக்கித் தரும். ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்கு அப்படியே திரும்பலாம். முகம் பார்க்க நன்றாக இருக்காது, நீல எழுத்துத் திரைகள்தான். பயமாக இருந்தால் இதே வேலையைச் செய்யும் ரெஸ்க்யூஸில்லா போடுங்கள், மவுஸ் வைத்து வேலை முடியும்.

குளோன்ஸில்லாவில் நான் ஒருமுறை மண்ணைக் கவ்வியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒருவருடைய டிஸ்க்கை, அதே மாடல் லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்குக்கு நேரடியாக நகல் எடுத்தேன். இரண்டும் ஒரே அளவு. எது மூலம், எது இலக்கு என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். அது இரண்டு தடவை கேட்டது, நிச்சயமா என்று. இரண்டு தடவையும் பார்க்காமல் ஒய் தட்டினேன். முடிந்து ஆன் செய்தால், திரையில் யாரோ ஒருவருடைய குலசாமி படம். வந்தவருடைய கல்யாண வீடியோ உட்பட எல்லாவற்றின் மேலும் இன்னொருவருடைய டிஸ்க் உட்கார்ந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். நேரடி நகலும் எடுப்பதில்லை. முதலில் இமேஜ், பிறகு மற்றது.

இமேஜை எதில் வைப்பது? ‘2 டிபி பென்டிரைவ், 499 ரூபாய்’ மாதிரி வருவதில் மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப். கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதிவைத்திருப்பார்கள். காப்பி ஆகும்போது எல்லாம் ஆனது போலவே காட்டும். திறக்கும்போதுதான் தெரியும். வாங்கினால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக்க நிரப்பிச் சோதித்துவிட்டு நம்புங்கள். இன்னொன்று, எஃப்ஏடி32 வடிவில் இருக்கும் பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ‘இடம் இருக்குது, ஏற மாட்டேங்குது’ என்று வருபவர்களுக்கு இதுதான் காரணம்.

சரி, பேக்கப் எடுத்தாகிவிட்டது. இனி லேப்டாப்பை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றலாம்.

ஆரம்ப வருட மாடல்களில் வந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. 2 ஜிபிக்கு மேல் ராமும் எடுக்காது. கூடவே மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. பையன்கள் வீட்டுக்குக் கொண்டுபோனதும் செய்த முதல் வேலை, விண்டோஸுக்குள் இருந்தபடியே டிஸ்க்கில் அந்த லினக்ஸ் இருந்த பகுதியை (பார்ட்டிஷன்) அழித்தது. ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் என்று கேட்கும் பூட் மெனுவுக்கான கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’. டேட்டா எங்கும் போகவில்லை. விண்டோஸ் சிடி வைத்து பூட் பகுதியை மட்டும் சரி செய்தால் பத்து நிமிட வேலை. அதற்கு மொத்தமாக ஃபார்மட் போட்டு, போட்டோக்களை இழந்து, காசும் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேடிக்கை என்னவென்றால், அதே லேப்டாப்களுக்கு நானே லினக்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரியோடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸர்களை ஏற்காது. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் போட்டால் படிக்க, டைப் அடிக்க, யூடியூப் பார்க்கப் போதும். தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது. ஸ்டார்ட்டர் 32 பிட் என்பதால் மெஷினும் 32 பிட், 64 பிட் லினக்ஸ் ஏறாது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்; என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை 64 பிட் பிராசஸர்தான்.

காசு செலவழிப்பதென்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள், அப்புறம் ராம். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (caddy) என்ற டிஸ்க் தாங்கியை வைத்து பழைய டிஸ்க்கையே இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வரும். டிரைவைக் கழற்றி அளந்துவிட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்காமல் விண்டோஸை வாங்கியது போல ஆக்கும் ஆக்டிவேட்டர் கேட்டு வருபவர்களிடம் எனக்குக் கோபம்தான் வரும். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று ஒரு மென்பொருள் சொன்னால் அது எதற்கு என்று யோசிக்க வேண்டாமா? கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் ஸ்டாப் டிஜேவியு என்ற குடும்பம் இப்படிப்பட்ட கிராக்குகளில் ஏறித்தான் பரவியது. பேக்கப் டிஸ்க்கைச் செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்து முடித்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வைத்தால் பை தொலையும்போது இரண்டும் தொலையும்.

புது லேப்டாப் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலும் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் கைவைத்தாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அது அந்தக் கணக்கில் இருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐடியில் அவசரத்துக்குத் திறந்து கொடுத்த கணக்கு என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இன்றைக்கே உங்கள் கணக்கில் நுழைந்து, சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

அந்த எம்.ஃபில். பெண் போன மாதம் எஸ்எஸ்டி போட வந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். “ஃபாண்ட்டு தனியா ஒரு ஃபோல்டர்ல இருக்குண்ணா. மெயில்லயும் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்.”